ஃபார்மட் அடிக்கும் முன்: ஆபீஸ் நெட்வொர்க்கில் கோளாறு தெரிந்தால் எங்கே பார்ப்பது

திருப்பூரில் பதினைந்து முதல் நாற்பது கம்ப்யூட்டர் வரை உள்ள பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: “சிஸ்டம் ஒரு மாதிரியா இருக்குதுங்க. வைரஸ் போலிருக்குது. தம்பி ஃபார்மட் அடிச்சிட்டு இருக்கான்.” முதல் இரண்டு வாக்கியத்துக்கு நான் பதறுவதில்லை. மூன்றாவதைக் கேட்டால்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஃபார்மட் அடித்தால் உள்ளே வந்தது போகும். எந்த வழியாக வந்தது என்ற தடயமும் சேர்ந்தே போகும். வழியை அடைக்காவிட்டால் அடுத்த மாதம் அதே வழியில் திரும்ப வரும், அவ்வளவுதான்.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை, ஆபீஸே ஏதோ ஒரு வசதிக்காகத் திறந்துவிட்டுப் பிறகு மறந்துபோன கதவு வழியாக வந்தவை. வீட்டிலிருந்து டேலி கணக்கைப் பார்க்க ரவுட்டரில் திறந்த போர்ட் (எண் போட்ட நுழைவாசல்), சாஃப்ட்வேர்காரர் ஒரு நாள் வேலைக்காக, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கப் போட்ட எனிடெஸ்க், முதலாளி போனில் கேமரா பார்ப்பதற்காக டிவிஆருக்கு (கேமரா பதிவுப் பெட்டி) கொடுத்த வழி. அதனால் எதையும் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள். நெட் எந்த ரவுட்டரில் வருகிறது, அதன் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது, சுவிட்சிலிருந்து எந்தெந்தக் கேபிள் எங்கே போகிறது, டிவிஆர், பயோமெட்ரிக் மெஷின், பிரிண்டர் எல்லாம் எந்த முகவரியில் இருக்கின்றன, வெளியிலிருந்து உள்ளே வர யார் யாருக்கு வழி இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

“பாதிப் பேருக்கு நெட் வருது, பாதிப் பேருக்கு வரல”

பெரும்பாலும் இது தாக்குதலே இல்லை. நெட் வராத கம்ப்யூட்டர் ஒன்றில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ அடியுங்கள். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் இந்தக் கம்ப்யூட்டரின் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎச்சிபி சர்வர் (முகவரி கொடுக்கும் பெட்டி) ஆகிய மூன்று வரிகள் போதும். நெட் வரும் கம்ப்யூட்டரிலும் அதையே அடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னினால், ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் அதே சுவிட்சில் இருக்கின்றன என்று அர்த்தம். கூட்ட வந்த அக்கா, கீழே தொங்கிய முனையைப் பார்த்து நல்ல மனசோடு செருகியிருப்பார்.

முகவரி இருக்கிறது, ஆனால் கேட்வே வேறு என்றால் கதையும் வேறு. ஒரு ஆபீஸில் எல்லோருக்கும் கேட்வே 192.168.1.1. நெட் வராத ஒன்பது பேருக்கு மட்டும் 192.168.0.1 என்று காட்டியது. அப்படி ஒரு பெட்டி என் தாளிலேயே இல்லை. ‘ஏஆர்பி -ஏ’ அடித்தேன். அந்த முகவரிக்கு நேரே ஒரு மேக் எண் (பெட்டிக்குத் தயாரிக்கும்போதே கொடுக்கும் அடையாளம்) வந்தது. அதன் முதல் ஆறு எழுத்துகளை நெட்டில் தேடினால் தயாரித்த கம்பெனி தெரியும். வீட்டுக்கு விற்கும் ரவுட்டர் கம்பெனி. அப்புறம் அறை அறையாகத் தேடினோம். மெர்ச்சண்டைசிங் அறையில், சாம்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “வைஃபை இங்க சிக்னல் வரலைங்க சார், அதான் வீட்ல சும்மா கிடந்ததைக் கொண்டாந்தேன்” என்றார் அங்கிருந்த தம்பி. சுவிட்சிலிருந்து வந்த கேபிளை வான் போர்ட்டில் (வெளி நெட் வரும் துளை) செருகாமல் லேன் போர்ட்டில் (உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கான துளை) செருகியிருந்தார். அதனால் அந்த ரவுட்டர் தன்னையே முதலாளியாக நினைத்துக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது.

சிக்னல் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அந்த ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் போதும். மோடு இல்லாத பழைய மாடல் என்றால், அதன் டிஎச்சிபியை நிறுத்தி, யாரிடமும் இல்லாத ஒரு முகவரியைக் கொடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே வேலையை வேண்டுமென்றே செய்கிறவனும் உண்டு. தன் பெட்டியைக் கேட்வேயாகக் காட்டிவிட்டால் ஆபீஸ் போக்குவரத்து எல்லாம் அவன் கையைத் தாண்டித்தான் போகும். சொல்ல மறந்தேன், அந்தத் தம்பியின் வைஃபை பாஸ்வேர்ட் 12345678. வாசலில் நிற்கும் டெம்போவில் இருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வந்திருக்கலாம்.

“பேங்க் சைட் திறந்தா வேற என்னமோ வருது”

முதல் கேள்வி: எல்லாக் கம்ப்யூட்டரிலுமா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் பிரவுசரில் புதிதாக ஏறிய எக்ஸ்டென்ஷன், விண்டோஸ் செட்டிங்ஸில் பிராக்ஸி (நெட்டை இன்னொரு பெட்டி வழியாகத் திருப்பும் அமைப்பு), பிறகு ஹோஸ்ட்ஸ் ஃபைல் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பட்டியல்) என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனிலேயே அகப்பட்டுவிடும்.

எல்லாவற்றிலும் வருகிறது, போனில் மொபைல் டேட்டா போட்டால் மட்டும் சரியாக இருக்கிறது என்றால் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைத் திருப்பித் தருவது டிஎன்எஸ் வேலை. அதைக் கைப்பற்றியவன் சரியான பெயருக்குத் தவறான முகவரியைக் கொடுப்பான். இது பழைய தந்திரம். ‘டிஎன்எஸ்சேஞ்சர்’ என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் சாஃப்ட்வேர்) உலகம் முழுக்கச் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் இதைச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. ஆனாலும் அந்த டிஎன்எஸ் சர்வர்களை உடனே அணைக்க முடியவில்லை. அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும். நல்ல சர்வர்களை அந்த இடத்தில் வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ காட்டும் டிஎன்எஸ் முகவரியைப் பாருங்கள். ரவுட்டரின் முகவரியே இருந்தால் ரவுட்டருக்குள் போய் வான் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் நெட் கம்பெனி கொடுத்ததோ, 8.8.8.8, 1.1.1.1 போன்ற தெரிந்த ஒன்றோ இல்லாமல் புதிதாக ஒரு எண் இருந்தால் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) புதுப்பித்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து ரவுட்டரை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்திவிட்டு விட்டால் இரண்டு நாளில் மறுபடி மாறியிருக்கும். ரீசெட் பட்டனை அழுத்தும் முன், நெட் இணைப்புக்கு நெட் கம்பெனி கொடுத்த பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது இல்லாமல் அழுத்திவிட்டு, திங்கள்கிழமை வரை முதலாளி முகத்தைப் பார்க்கக் கூசிய அனுபவம் எனக்கு உண்டு.

“நெட் ஆமை மாதிரி நகருது”

வேகச் சோதனையில் டவுன்லோடை மட்டும் பார்த்துவிட்டு நெட் கம்பெனியைத் திட்டுவார்கள். அப்லோடைப் பாருங்கள். ஆபீஸில் யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் அப்லோட் நிரம்பி வழிந்தால், உள்ளேயிருந்து ஏதோ ஒன்று வெளியே பேசிக்கொண்டிருக்கிறது. சில ரவுட்டர்களில் யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். இல்லாவிட்டால் பழைய வழிதான்: சுவிட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கியதும் நெட் மூச்சு விடுகிறது என்று பார்ப்பது.

எனக்குப் பல தடவை அகப்பட்டது கேமராவின் டிவிஆர். 2016-இல் ‘மிராய்’ என்ற மால்வேர், கேமரா, டிவிஆர், ரவுட்டர் போன்ற பெட்டிகளைத் தேடித் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்த பெரிய ஆயுதமே கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட யூசர்நேம்-பாஸ்வேர்ட் ஜோடிகளின் பட்டியல்தான். அந்த வருடம் அக்டோபர் 21 அன்று, இப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்து டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை.

மிராய் மெமரியில் மட்டும் இருக்கும். டிவிஆரை அணைத்துப் போட்டால் போய்விடும். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுதுங்க” என்று கேமராக்காரர் சொல்வதில் பொய் இல்லை. பாஸ்வேர்ட் அதேதான், வெளியிலிருந்து வழியும் அப்படியேதான் என்றால், சில நிமிடங்களிலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து டிவிஆருக்குக் கொடுத்த வரியை நீக்குங்கள். யுபிஎன்பியையும் அணையுங்கள், இல்லாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே டிவிஆர் தனக்கு ஒரு வழியைத் திறந்துகொள்ளும். முடிந்தால் கேமராக்களுக்கு என்று தனி நெட்வொர்க் கொடுங்கள். தையல் லைனைப் படம் பிடிக்கும் பெட்டிக்கு அக்கவுண்ட்ஸ் சர்வரோடு பேச ஒரு வேலையும் இல்லை.

கூகுளில் எதைத் தேடினாலும் ‘ரோபோ இல்லை’ என்று நிரூபிக்கச் சொல்கிறதா? அனுப்பும் மெயில் திரும்பி வருகிறதா? இதே காரணத்தால் உங்கள் பொது ஐபிக்கு (வெளியே தெரியும் ஆபீஸின் முகவரி) கெட்ட பெயர் வந்திருக்கலாம். அதற்கு முன் ரவுட்டர் காட்டும் வான் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெட் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. தப்பு செய்தது அடுத்த தெருக் கம்பெனியாகவும் இருக்கலாம்.

“இந்த ஒரு சிஸ்டம் மட்டும் ஃபேன் சத்தம் தாங்கல”

யாரோ உங்கள் கரண்டில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் சிபியு 100-லிருந்து சட்டென்று 5-க்கு இறங்கினால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. இப்படித் தோண்டும் சில புரோகிராம்கள் டாஸ்க் மேனேஜரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். டாஸ்க் ஷெட்யூலரில் புரியாத பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருபவரிடம் கடைசியாக எந்த சாஃப்ட்வேரைக் காசில்லாமல் இறக்கினார் என்று கேளுங்கள். டிசைனர் கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டியதில்லை.

பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது என்றால் ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். கிளிக் செய்தால்தான் அது அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவும். உண்மையான ஃபைல்கள் உள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கும், ‘ஆட்ரிப்’ கட்டளையால் வெளியே கொண்டுவரலாம். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவுக்கு ஆபீஸில் வேறு வேலை கொடுக்காதீர்கள்.

“பணம் அனுப்பிட்டேன்னு பையர் சொல்றார், நமக்கு வரல”

ஏற்றுமதி ஊரில் வயிற்றைப் பிசையும் போன் இதுதான். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் தெரியாது. ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டிக்கொண்டே இருக்கும். நடந்தது இது: யாரோ உங்கள் மெயிலுக்குள்ளோ, சரக்கு வாங்கும் பையரின் மெயிலுக்குள்ளோ வாரக்கணக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். ஷிப்மென்ட் கிளம்பி, இன்வாய்ஸ் போகும் நேரம் பார்த்து, “எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று உங்கள் பெயரில், உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறான்.

முதலில் பணம், அப்புறம்தான் ஆராய்ச்சி. பையரை அவருடைய வங்கிக்கு அந்த நிமிடமே போன் செய்து, அனுப்பியதைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். இந்தியக் கணக்கிலிருந்து போன பணம் என்றால் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைப்பதற்கான எண் அது, அதனால் நிமிடங்கள் முக்கியம். உங்கள் வங்கி மேனேஜருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பிறகு அந்தப் போலி மெயிலைப் பையரிடமிருந்து வாங்கிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, ஃபைலாகவே வேண்டும். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அப்படியென்றால் போலி டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்). ஆனால் பழைய உரையாடல் முழுவதும் கீழே இருந்தால், ஏதோ ஒரு பக்கத்து மெயில்பாக்ஸ் திறந்து கிடக்கிறது.

அது உங்களுடையதா என்று பார்க்க, மெயில் செட்டிங்ஸில் ரூல்ஸ் அல்லது ஃபில்டர்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஒரு கம்பெனியில் நான் கண்ட ரூலின் பெயர் வெறும் ஒரு புள்ளி. ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொல் உள்ள மெயில் வந்தால், படித்ததாகக் குறித்து, ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிடு என்று இருந்தது. அந்த ஃபோல்டரை ஆபீஸில் யாரும் ஒருநாளும் திறந்ததில்லை. திறந்து பார்த்தபோது, “கணக்கு மாறியது உண்மைதானா?” என்று பையர் கேட்ட இரண்டு மெயில்கள் உள்ளே கிடந்தன. பாவம், அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பதில் எழுதியது வேறு ஆள்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது இங்கே ஃபார்மட் அடிப்பது மாதிரிதான். ரூலையும் ஃபார்வர்டிங்கையும் போட்டோ எடுத்துவிட்டு நீக்குங்கள். மற்ற எல்லா இடங்களிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். மீட்பு போன் நம்பரும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இணைத்திருக்கும் ஆப்களை நீக்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஜிமெயில் என்றால் இன்பாக்ஸின் அடியில், வலது ஓரத்தில் ‘டீடெய்ல்ஸ்’ என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். எந்த ஐபியிலிருந்து எப்போது திறந்தார்கள் என்பதை அங்கே காணலாம். சொந்த டொமைன் வைத்திருந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைன் கொடுத்தவரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். உங்கள் பெயரிலேயே போலி மெயில் அனுப்புவதை அவை தடுக்கும். ஒத்த எழுத்து டொமைனை அவற்றால் தடுக்க முடியாது. அதற்குப் போன்தான் மருந்து. கணக்கு எண் மாற்றம் என்றால், மெயிலில் வந்த நம்பருக்கு அல்லாமல், ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்பது என்று பையரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

“டேலி சர்வர்ல அக்கவுண்ட் லாக்னு வருது”

சின்ன ஆபீஸில் சர்வர் என்றால் மூலையில் ஓடும் ஒரு சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். அதில் யாரும் பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்காமலேயே அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால், வேறு எங்கிருந்தோ தப்பாக அடிக்கிறார்கள்.

ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேடு), அதற்குள் செக்யூரிட்டி. ஃபில்டரில் 4625 என்று கொடுங்கள், அது தோற்றுப்போன லாகின்களின் எண். ஒரு நாளில் நாலைந்து இருந்தால் மனிதத் தவறு. நான் பார்த்த ஒன்றில் ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு வினாடிக்கு ஒன்று வீதம் ஓடிக்கொண்டிருந்தது: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், அக்கவுண்ட்ஸ், டேலி என்று பெயர்களை மாற்றி மாற்றி. ஒவ்வொரு பதிவிலும் ‘சோர்ஸ் நெட்வொர்க் அட்ரஸ்’ என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்று இருந்தால் உள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். வெளி முகவரி என்றால், ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை யாரோ இந்தக் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் கதவு அது.

இப்போது அதே முகவரியை 4624-இல் தேடுங்கள். அது வெற்றி பெற்ற லாகின். லாகான் டைப் 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். தோற்ற முயற்சிகள் பல நேரம் 3 என்றே பதிவாகும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1102 என்ற எண் இருந்தால் யாரோ லாக் முழுவதையும் துடைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தவன்தான் கால்தடத்தைத் துடைப்பான்.

இதையெல்லாம் செய்யும் முன்பே, ‘சேவ் ஆல் ஈவென்ட்ஸ்’ கொடுத்து லாக்கை ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சாதாரண விண்டோஸில் செக்யூரிட்டி லாக்கின் அளவு 20 எம்பிதான். வினாடிக்கு வினாடி முயற்சி ஓடினால் பழைய பதிவுகள் சீக்கிரமே அழிந்துபோகும். பிறகு அந்த அளவைப் பல மடங்கு கூட்டி வையுங்கள்.

அடுத்து, ரவுட்டரில் 3389 வரியை நீக்குங்கள். “நாங்க 3390-க்கு மாத்தி வச்சிருக்கோமே” என்பார்கள். தேடுகிற மெஷின் எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும், எண்ணை மாற்றினால் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (ஆபீஸுக்குள் வரும் பூட்டிய தனிப் பாதை) போடுங்கள். ஓப்பன்விபிஎன்னோ வயர்கார்டோ இப்போது நடுத்தர விலை ரவுட்டரிலேயே வருகிறது. பத்துத் தப்புக்கு ஒருமுறை அக்கவுண்ட் பூட்டும்படி லாக்அவுட் பாலிசியைப் போடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றில் ஆளில்லாமலே உள்ளே வரும் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் நீக்குங்கள். சாஃப்ட்வேர்காரருக்குத் தேவைப்படும்போது போன் செய்யட்டும், ஆள் இருந்து ‘அக்செப்ட்’ கொடுக்கட்டும். சங்கடப்படுவார், பழகிவிடும்.

வெற்றி பெற்ற லாகின் ஒன்று கண்ணில் பட்டுவிட்டதா? ‘நெட் யூசர்’ அடித்துப் புதுப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் தானாக நின்றிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவன் அடுத்த வேலையைத் தொடங்கும் முன் முதலில் அதைத்தான் நிறுத்துவான். இந்த ஒரு கட்டத்தில் தம்பி சொல்வது சரி, ஃபார்மட்தான். லாக்கை எடுத்து வைத்து, ரவுட்டரை அடைத்து, எல்லாப் பாஸ்வேர்டையும் வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து மாற்றிய பிறகு.

“ஃபைல் பேரெல்லாம் மாறிப்போச்சு, திறக்க மாட்டேங்குது”

ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் மால்வேர். மேலே சொன்ன ராத்திரி இரண்டு மணிக்காரன் வெற்றி பெற்றால் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் பார்ப்பது இதைத்தான்.

எல்லாக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். சுவிட்சின் பவரைப் பிடுங்குவது இன்னும் வேகம். கம்ப்யூட்டரை அணைக்கலாமா கூடாதா என்று வாக்குவாதம் வரும். அணைத்தால் மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும் என்பது உண்மை. ஆனால் கேபிளைப் பிடுங்கினாலும், அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் பூட்டும் வேலை நிற்காது. டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்து, கண் முன்னால் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால் நான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவேன். மெமரியை எடுத்து ஆராயும் ஆள் சின்ன ஆபீஸில் இல்லை, மிச்சமிருக்கும் ஃபைல்களாவது தப்பிக்கட்டும். வேலை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தால் அணைக்க அவசரம் இல்லை.

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கியது? ஷேர் ஃபோல்டரில் விட்டுப்போயிருக்கும் மிரட்டல் நோட்டின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் டேப், ‘ஓனர்’ என்ற வரி. அதை எழுதிய யூசரின் பெயர் அங்கே இருக்கும். ஆளுக்கொரு யூசர் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும். எல்லோரும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் நுழையும் ஆபீஸில் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

நோட்டையும் பூட்டிய சின்ன ஃபைல்கள் இரண்டையும் எடுத்து, ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் கொடுத்துப் பாருங்கள். நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு கம்பெனிகளும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது, காசு கிடையாது. எந்த வகை என்று சொல்லும், சாவி இருந்தால் தரும். இன்று இல்லாவிட்டாலும் பூட்டிய டிஸ்க்கைத் தனியே எடுத்து வையுங்கள். திருட்டு சாஃப்ட்வேர் வழியாகப் பரவிய ‘ஸ்டாப்’ என்ற வகையில் 148 வடிவங்களுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் கம்பெனி திறப்பானை வெளியிட்டது. அதுவரை டிஸ்க்கை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது.

பணம் கட்டலாமா என்று முதலாளிகள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வந்த வழி அப்படியே திறந்திருக்கிறது, பணம் கொடுக்கிற கம்பெனி என்ற பெயர் வேறு சேரும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, கண்டுபிடித்த 6 மணி நேரத்துக்குள். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. சைபர் கிரைம் புகாரும் கொடுத்துவிடுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் ஆடிட்டருக்கும் அந்த நகல் தேவைப்படும்.

கதவு ரிமோட் டெஸ்க்டாப் இல்லை என்றால் பழைய கம்ப்யூட்டரைப் பாருங்கள். வானாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இடையில் இரண்டு மாதம். இங்கே துணி வெட்டும் பேட்டர்னை வரையும் பிளாட்டர் மெஷினின் சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-இல்தான் ஓடும் என்று, 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. மாற்ற முடியாவிட்டால் அதற்கு நெட்டைக் கொடுக்காதீர்கள், எஸ்எம்பி 1-ஐ (பழைய ஃபைல் பகிர்வு முறை) அணையுங்கள், ஃபைலைக் கொண்டுபோகத் தனியே ஒரு பென் டிரைவ் வையுங்கள்.

திரும்பக் கட்டும்போது வரிசை முக்கியம்: ரவுட்டர், பாஸ்வேர்டுகள், சர்வர், பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டராக. பேக்கப் டிஸ்க்கை, எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் செருக வேண்டும். அந்த டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகி இருந்தது என்றால் அதுவும் பூட்டியிருக்கும். அதனால் இரண்டு டிஸ்க் வாங்கச் சொல்கிறேன். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது பீரோவில் இருக்கும், வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்வது.

ஒரு ஆபீஸில் அப்படி பீரோவிலிருந்து எடுத்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, டேலியில் கம்பெனியைத் திறந்தோம். திறந்துகொண்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அக்கவுண்ட்ஸ் அக்கா டேபுக்கை (அன்றாட வரவு செலவுப் பதிவு) திறந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, கடைசி வவுச்சர் ஏழு மாசத்துக்கு முந்தினது” என்றார். டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்றுபோயிருந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி அத்தனை மாதமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த ஆபீஸுக்குப் போகும்போது, பீரோ டிஸ்க்கை என் லேப்டாப்பில் திறக்கிறேன். அக்கா கடைசி வவுச்சர் எண்ணையும் தேதியையும் வாசிக்கிறார். நான் சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டுத் தாளில் குறித்துக்கொள்கிறேன்.